பெரிய டயரும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும்

ஈப்போவில் அம்மாவுக்கு முட்டி டாக்டரைப் பார்க்கக் காலை பத்து மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். தாப்பா வீட்டில் ஏழரைக்கெல்லாம் பசியாறிவிட்டுக் கிளம்பினோம். நான் வண்டியைத் திருப்பி வாசலில் நிறுத்தினேன். அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்கதவைத் திறந்தார். கைப்பிடியைப் பிடித்தார். வலது காலைத் தூக்கினார். கால் பாதி உயரத்திலேயே நின்றுவிட்டது. இன்னொரு முறை முயன்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“என்னய்யா, ஏணி வாங்கி வரலையா?”

அப்பா சிரிக்கவில்லை. பின்கட்டுக்குப் போய், அம்மா உட்கார்ந்து துணி துவைக்கும் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து வந்து கதவுக்குக் கீழே போட்டார். அம்மா அதில் ஏறி, என் தோளைப் பிடித்து, வண்டிக்குள் போனார். ஈப்போவில் இறங்கவும் வேண்டுமே! ஸ்டூலும் எங்களோடு வந்தது.

மூன்று வாரத்துக்கு முன்பு வரை அந்த வண்டியில் அம்மா யார் துணையும் இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தார்.

வண்டி 2017 மாடல் ஹைலக்ஸ். நாலு வருஷத்துக்கு முன் பழையதாக வாங்கினேன். எனக்கு வேலை ஷா ஆலாமில். அப்பாவுக்குத் தாப்பா பக்கம் மூன்று ஏக்கர் செம்பனை. மாதத்தில் இரண்டு வார இறுதியாவது குலை ஏற்றப் போவேன். ஆக, வண்டிக்கு உண்மையான வேலை உண்டு. சும்மா அழகுக்கு வாங்கியதில்லை என்று என் மனைவியிடம் சொல்வதற்கு அது வசதியாகவும் இருந்தது.

ஆனால் அழகும் வேண்டுமே. கம்பெனியிலிருந்து வரும் பிக்கப் வண்டிகளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கினாற்போல் இருக்கும். மண்ணை மோந்து பார்க்கும் மாடு மாதிரி. வேலையிடத்தில் என்னோடு இருக்கும் இரண்டு பேர் தங்கள் வண்டிகளின் முன்பக்கத்தை உயர்த்தி, முன்னும் பின்னும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, பெரிய டயரும் கறுப்பு ரிம்மும் போட்டிருந்தார்கள். கார் நிறுத்துமிடத்தில் அவற்றுக்கு நடுவில் என் வண்டி பள்ளிக்கூடப் பையன் போல நின்றது. அது என்னை உறுத்தியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், விஷயம் அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை பட்டறைக்குப் போனேன். காலையில் விட்டு மாலையில் எடுத்தேன். முன் ஸ்பிரிங்குக்கு மேலே ‘லெவலிங் கிட்’ என்ற இரும்பு வட்டு, 285/70 அளவில் நாலு டயர், ஒன்பது அங்குல அகல ரிம் நாலு, கூலி என்று எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து ஐந்நூறு வெள்ளி. வீட்டில் நாலாயிரம் என்று சொன்னேன். இந்தக் கட்டுரை அச்சில் வந்தால் அந்தக் கணக்கையும் தீர்க்க வேண்டியிருக்கும்.

முதல் வாரம் மிதந்தேன். உயரத்திலிருந்து சாலையைப் பார்ப்பதே ஒரு சுகம். டோல் சாவடியில் பக்கத்துக் காரில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அல்லது பார்த்ததாக நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. முதலில் வேகம். முன்பெல்லாம் மீட்டரில் 110 காட்டினால், போனில் இருக்கும் வழிகாட்டிச் செயலியில் 106 காட்டும். டயர் மாற்றிய பிறகு மீட்டரில் அதே 110, போனில் 113. நெடுஞ்சாலையில் எல்லை 110 என்பதால் மீட்டரைப் பார்த்து ஒழுங்காகத்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் தினமும் எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று அன்றிரவு காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். பட்டறைக்குப் போகும் முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு அது. என் வண்டியோடு வந்த டயரில் 265/65 ஆர் 17 என்று இருந்தது. 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அந்த அகலத்தில் 65 விழுக்காடு. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பக்கச்சுவர் மேலேயும் கீழேயும் உண்டு என்பதால் இரண்டால் பெருக்கி, ரிம்மைக் கூட்டினால் டயரின் முழு உயரம் 776 மில்லிமீட்டர். புது டயருக்கு அதே கணக்கைப் போட்டால் 831. வித்தியாசம் 55 மில்லிமீட்டர், ஏழு விழுக்காடு. ஒரு சுற்றுக்கு வண்டி ஏழு விழுக்காடு அதிகத் தூரம் ஓடுகிறது. மீட்டருக்கு இது தெரியாது. அது சுற்றுகளை எண்ணி, பழைய டயரின் கணக்கிலேயே வேகத்தைச் சொல்கிறது. ஓடிய கிலோமீட்டரையும் அப்படியே குறைத்துக் காட்டும். எண்ணெய் மாற்றும் தவணைகூடத் தள்ளிப் போய்விடும்.

அந்த 55இல் பாதிதான், அதாவது 27 மில்லிமீட்டர்தான், வண்டியின் அடிவயிற்றுக்குக் கிடைக்கும் கூடுதல் உயரம். மீதிப் பாதி அச்சுக்கு மேலே மட்கார்டுக்குள் போய் இடத்தை அடைத்துக்கொள்ளும். உயரத்துக்காகப் பெரிய டயர் போட நினைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

அந்த ஏழு விழுக்காடு வேகத்தோடு நிற்கவில்லை. சக்கரம் பெரிதானால் அதைச் சுற்ற இஞ்சின் அதிகம் தள்ள வேண்டும், நிறுத்தப் பிரேக் அதிகம் பிடிக்க வேண்டும். பிரேக் தட்டு பழைய அளவிலேயே இருக்கிறது. அதை எதிர்க்கும் நெம்புகோல் மட்டும் நீண்டுவிட்டது. போதாததற்கு டயரும் ரிம்மும் கனம் வேறு. தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும் பாதையில் வண்டி எந்தக் கியரில் இருப்பது என்று தெரியாமல் மூன்றுக்கும் நாலுக்கும் இடையே தடுமாறியது. தஞ்சோங் மாலிமைத் தாண்டி ஒரு மாலை மழையில் முன்னே போன லோரி சட்டென்று பிரேக் போட்டது. வழக்கமான இடைவெளிதான் விட்டிருந்தேன். லோரியின் பின்பலகையில் எழுதியிருந்த சின்ன எழுத்தைப் படிக்கும் தூரத்தில் போய் நின்றேன். மகள் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் எழவில்லை என்பது மட்டும்தான் அன்றைய நிம்மதி.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை குலை ஏற்றும் நாள். அப்பா முப்பது வருஷம் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். செம்பனைக் குலைகளை மில்லுக்குக் கொண்டுபோவதுதான் வேலை. வண்டியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். சுற்றி வந்தார். டயரைத் தட்டினார். மட்கார்டுக்கு வெளியே டயர் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று விரல்களை வைத்து அளந்தார். நாலு விரல் போனது.

“ஏன் தம்பி வெளிய நிக்குது?”

அதற்கும் பிறகுதான் கணக்குப் பார்த்தேன். ரிம்மில் ‘ஆஃப்செட்’ என்று ஒன்று உண்டு. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது வண்டியில் ஒட்டி உட்காரும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. என் பழைய ரிம் ஏழரை அங்குல அகலம், ஆஃப்செட் கூட்டல் 30. புதியது ஒன்பது அங்குலம், கழித்தல் 12. அகலத்தில் பாதியும் ஆஃப்செட் வித்தியாசமும் சேர்ந்தால் ரிம்மின் வெளிவிளிம்பு முன்பைவிட 61 மில்லிமீட்டர் வெளியே வந்துவிடுகிறது. மண்பாதையில் டயர் வாரி இறைக்கும் கல்லெல்லாம் நேராகக் கதவில் அடித்தது. அழகு கெட்டது ஒரு பக்கம். டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டக்கூடாது என்பது சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதி. தடுப்புச் சோதனையில் நிறுத்தினால் பதில் சொல்ல வழியில்லை. வண்டியில் செய்யும் இப்படிப்பட்ட மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். விபத்து என்று வந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்ற கதை எடுபடாது.

வெளியே வந்த டயர் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது உள்ளே போய் உரசும் என்பது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் உரசியது. திரும்பும் மையத்திலிருந்து டயர் தள்ளிப் போகப் போக, அது போடும் வட்டம் பெரிதாகிறது. பின்னோக்கி வரும்போது மட்கார்டின் அடிமூலையில் பிளாஸ்டிக்கைத் தேய்த்தது. பட்டறையில் அந்த பிளாஸ்டிக்கை ஏற்கெனவே கத்தியால் சீவிவிட்டிருந்தார்கள், என்னிடம் கேட்காமலேயே. சீவியது போதவில்லை.

அன்று குலைகளை ஏற்றினோம். ஏறக்குறைய அறுநூறு கிலோ இருக்கும். அப்பா பின்னால் நின்று பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். முன்பு சுமை ஏறினால் பின்பக்கம் இறங்கி வண்டி மட்டமாக நிற்கும். இப்போது முன்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு, பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது.

“பின்னாடி தூக்கி வச்சது பாக்கறதுக்கா? சரக்கு ஏறினா சரியா வரணும்னுதான். நீ வெறும் வண்டிய மட்டம் பண்ணியிருக்கடா. சரக்கு வண்டிய மட்டம் பண்ணல.”

எடை நிலையத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் இருட்டிவிடும். சுமையோடு போகும்போதே எதிரில் வந்தவர்கள் எல்லாரும் விளக்கை அடித்து அடித்துக் காட்டினார்கள். என் முன்விளக்கு அவர்கள் கண்ணில் நேராகக் குத்தியிருக்கிறது. நான் லோ பீமில்தான் போய்க்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைதான் ஈப்போ.

டாக்டர் அம்மாவின் முட்டியைப் பார்த்தார், படம் எடுத்தார், படி ஏறுவதைக் குறைக்கச் சொன்னார். அம்மா என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு, அவசரமில்லை என்று பழைய சாலையிலேயே திரும்பினோம். கோப்பெங், கம்பார் தாண்டினோம். தெமோ வருவதற்கு முன் அப்பா பின்சீட்டிலிருந்து குனிந்தார்.

“ரேடியோவ அடை.”

அடைத்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“இடது பக்கம். முன்னால. நிறுத்து.”

“என்னப்பா?”

“நிறுத்துன்னா நிறுத்துடா.”

சாலையோரம் மூடிக்கிடந்த ஒரு பழக்கடைக்கு முன்னால் ஒதுக்கினேன். அப்பா இறங்கி, இடது முன்சக்கரத்தின் முன் உட்கார்ந்து, நட்டு ஒன்றை விரலால் திருப்பினார். விரலால்! அது திரும்பியது. அடுத்ததும் திரும்பியது. ஆறில் மூன்று நட்டு கையோடு வந்தன. அம்மா அந்தப் பக்கத்துச் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார், கண்ணாடியை இறக்கி, “என்னங்க?” என்று கேட்டுக்கொண்டு.

அப்பா ஸ்பேனரைக் கேட்டார். நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாக முடுக்கினார். வலது பின்சக்கரத்திலும் ஒன்று தளர்ந்திருந்தது. வரும் வழியெல்லாம் ஐம்பதைத் தாண்டவில்லை. பத்து கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி மறுபடி முடுக்கினார். யாரும் பேசவில்லை. தாப்பா வந்து வண்டியை நிறுத்திய பிறகு, என் கை ஸ்டியரிங்கிலிருந்து உடனே எடுபடவில்லை.

ஏன் தளர்ந்தன என்பதை மறுநாள் வேறொரு பட்டறையில் தெரிந்துகொண்டேன். அங்கே இருந்தவர் வயதான சீனர், தவுக்கேயும் அவர்தான், மெக்கானிக்கும் அவர்தான். ஒரு நட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். என் வண்டியின் சொந்த ரிம்முக்கான நட்டு அடியில் தட்டையானது, வாஷரோடு வருவது. நான் போட்ட ரிம்மில் நட்டு உட்காரும் துளை கூம்பு வடிவம். அதற்குக் கூம்பு முனை நட்டுதான் பொருந்தும். முதல் பட்டறையில் பழைய நட்டையே போட்டிருக்கிறார்கள். தட்டையான நட்டு கூம்புத் துளையின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. ஆட்டத்தில் அந்தப் பிடி தேய்ந்து, நட்டு கழன்றது. ரிம்மின் நடுத்துளை வேறு என் வண்டியின் ஹப்பைவிட நாலு மில்லிமீட்டர் பெரியது. அந்த இடைவெளிக்கு ஒரு வளையம் போட வேண்டும். அதுவும் இல்லை. தொண்ணூறில் ஸ்டியரிங் லேசாக நடுங்கியது ஏன் என்று அப்போது புரிந்தது. பெரிய டயர் என்றால் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லியிருந்தேன்.

“ரிம் மாத்தினா நூறு கிலோமீட்டர் ஓடி வந்து திரும்ப முடுக்கணும். உன்கிட்ட யாரும் சொல்லலயா?” என்று மலாயில் கேட்டார். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ரிம்மின் நிறத்தைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் கேட்டேன்.

எல்லாவற்றையும் கழற்றிப் பழையபடி ஆக்கிவிடச் சொன்னேன். அவர் சிரித்தார். பெரிய டயர் போடுவதில் தப்பில்லை, அளந்து போட வேண்டும் என்றார். காகிதத்தில் எழுதிக் காட்டினார். டயர் 265/70. இதன் உயரம் 803 மில்லிமீட்டர். கம்பெனி டயரைவிட மூன்றரை விழுக்காடுக்கும் குறைவாகத்தான் பெரியது. மீட்டர் பழையபடி கொஞ்சம் கூட்டிச் சொல்லும் வழக்கத்திலேயே அது அடங்கிவிடும். ரிம் எட்டு அங்குலம், ஆஃப்செட் கூட்டல் 20. வெளிவிளிம்பு 16 மில்லிமீட்டர்தான் வெளியே வரும், மட்கார்டுக்குள்ளேயே நிற்கும். டயரின் சுமை எண் கம்பெனி டயரைவிடக் குறையக்கூடாது, குலை ஏற்றும் வண்டி என்பதால் அதை இரண்டு முறை சொன்னார்.

லெவலிங் கிட்டைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்குப் புதுசு. நான் போட்டிருந்த வட்டு 25 மில்லிமீட்டர் கனம். ஆனால் முன்பக்கம் ஏறியிருந்தது ஐம்பதுக்குப் பக்கத்தில். ஸ்பிரிங் சக்கரத்தின் மேல் நேராக உட்காரவில்லை, சக்கரத்தைத் தாங்கும் கையின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒரு பங்கு ஏற்றினால் சக்கரத்தில் ஏறக்குறைய இரு பங்கு தெரியும். கையின் சாய்வு கூடுகிறது, முன்சக்கரத்துக்குப் போகும் தண்டின் வளைவும் கூடுகிறது. அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். சக்கரங்கள் பார்க்கும் திசையும் மாறிவிடுவதால், கிட் போட்ட கையோடு அலைன்மெண்ட் செய்தே ஆக வேண்டும். எனக்கு அதுவும் செய்யப்படவில்லை. மூன்று வாரத்திலேயே முன்டயர்களின் விளிம்பு தேய ஆரம்பித்திருந்தது. 12 மில்லிமீட்டர் வட்டாக மாற்றினோம். முன்பக்கம் 25 அளவில் ஏறி நின்றது. வண்டி இன்னும் முழு மட்டம் இல்லை, பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கிறது. அந்தத் தூக்கல் அறுநூறு கிலோவுக்கு வேண்டும்.

ஸ்பேர் டயரும் அதே அளவில் ஒன்று வாங்கினேன். முன்பு பழைய சின்ன டயரே வண்டிக்கடியில் தொங்கிக்கொண்டிருந்தது. நல்லவேளை, அதைப் போட வேண்டிய நிலை வரவில்லை. ஒரே அச்சில் ஒரு பக்கம் பெரியதும் ஒரு பக்கம் சிறியதுமாக ஓடினால் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் ஓய்வில்லாமல் அரைபடும்.

பழைய டயரையும் ரிம்மையும் வாங்க ரவாங்கிலிருந்து ஒரு பையன் வந்தான். அவனுடைய வண்டியை ஆறு அங்குலத்துக்கு மேல் தூக்க முறையாக வேலை நடக்கிறதாம். நட்டு, நடுவளையம், மீட்டர், பிரேக் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். “அண்ணா, இது கறுப்பு ரிம்தானே, பக்கத்துல வெள்ளிக் கோடு வருமா?” என்றான். என்னையே பார்ப்பது போலிருந்தது. கூம்பு நட்டு இருபத்து நாலை என் காசில் வாங்கி அவன் கையில் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு பக்கமும் படி மாட்டிய அன்றுதான் அம்மா மறுபடி வண்டியில் ஏறினார். படியில் ஒரு கால், உள்ளே ஒரு கால். ஏறி உட்கார்ந்துவிட்டு, “அந்த ஸ்டூல் எங்க?” என்றார். பின்னால் கிடக்கிறது, இனி வேண்டாம்தானே என்றேன். “இருக்கட்டும்யா, கோயில்ல உக்கார ஆவும்” என்றார்.

அப்பா மட்டும் இன்னும் நம்பவில்லை. ஒவ்வொரு முறை நான் ஷா ஆலாம் கிளம்பும்போதும் ஸ்பேனரோடு வருகிறார். வண்டியைச் சுற்றி நாலு இடத்தில் உட்கார்ந்து எழுகிறார். அவருக்கும் முட்டி வலி உண்டு, சொல்லமாட்டார். நான் செய்கிறேன் என்றால் கேட்பதில்லை. “ஆறு,” என்று முதல் சக்கரத்தை முடித்துவிட்டுச் சொல்வார். பிறகு அடுத்ததுக்குப் போவார். “ஆறு.” கடைசிச் சக்கரம் முடியும்வரை இஞ்சினைப் போடாமல் காத்திருப்பேன்.